கட்டை எடுத்ததிலிருந்து கட்டை வைக்கும் வரை

முப்பத்தெட்டு. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே பறக்க முப்பத்தெட்டு நிமிடம் ஆகும் என்று ஒரு மேனேஜர் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். எப்படிக் கண்டுபிடித்தார்? வரைபடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். முந்நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர். விமானத்தின் உச்ச வேகத்தை விளம்பரப் புத்தகத்தில் பார்த்தார்; மணிக்கு ஐந்நூற்று நாற்பது. வகுத்தார். வேலை முடிந்தது. அவர் விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டியதில்லை, மேலே ஏற வேண்டியதில்லை, மலையைச் சுற்ற வேண்டியதில்லை. வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி போய்க் குத்திக்கொண்டு நிற்கும்.

அந்த அம்பு குத்தியது ஒரு லோடரை. பெட்டி ஏற்றி இறக்குகிற பெண். நிலையத்தில் அவளுக்குப் பெயர் 'முள்ளு'. வைத்தவன் யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தான் என்று யாரும் கேட்டதும் இல்லை. அவளிடம் ஒரு தடவை பேசினால் போதும், காலில் ஏறியது தெரிந்துவிடும். பத்தொன்பது வருடமாக அதே ஓடுதளத்தில் வெயிலில் வறுபட்டவள். விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ரப்பர் கட்டையைச் செருகுவதும், கிளம்பும்போது உருவுவதும், நடுவில் வயிற்றுக் கதவைத் திறந்து பெட்டிகளை இழுத்துப் போடுவதும் அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட விமானத்தின் உள்ளே உட்கார்ந்ததில்லை. கல்யாண வீட்டு வாசலிலேயே செருப்புக்குக் காவல் நின்ற கதை.

வந்த உத்தரவு இதுதான்: அடுத்த மாதத்திலிருந்து அந்தக் கோட்டின் மறுமுனை விமான நிலையத்தில் வேலை. மறுத்தால் வீட்டுக்குப் போகலாம்.

மறுக்கிற உரிமை அவளுக்கு உண்டா இல்லையா என்பதுதான் சண்டை. சங்கமும் நிர்வாகமும் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே பறக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. குறைந்தால், மாற்றலாம். பறக்கும் நேரம்! எழுதியவன் நிர்வாகி இல்லை, சங்கம். ராத்திரி பகலாக விமானத்துக்கு நடுவே கிடக்கிறவர்களுக்கு, ஊரும் ஊரும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் விமானக் கணக்கில்தான் பதில் வரும். அந்த ஊரா, ஒரு மணி நேரம். இந்த ஊரா, ஒன்றரை. பழக்கதோஷம். அந்த விமானத்தில் நம்மை யார் ஏற்றப்போகிறார்கள் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. லோடருக்குச் சீட்டும் கிடையாது, சலுகையும் கிடையாது. பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றி முழுப் பகல் போய்விடும். ஆனாலும் சங்கக் கூட்டத்தில் அந்த வரியை வாசித்தபோது கூடம் முழுக்கக் கை தட்டியது. முள்ளும் தட்டினாள். விசில்கூட அடித்தாள்.

சரி, போனால்தான் என்ன? போகலாம். ஆனால் வீட்டில் ஒரு ஆள் இருந்தது.

ஓடுதளச் சுவருக்குப் பின்னாலேயே வீடு. இரண்டு அறை, தகரக் கதவு, விமானம் ஏறும்போதெல்லாம் அலமாரியில் தட்டுகள் நடுங்கும். உள்ளே மாமியார். பக்கவாதம் வந்து இடது பக்கம் போய்விட்டது. வாய் மட்டும் இரண்டு பக்கமும் வேலை செய்தது. ஐம்பத்தெட்டு கிலோ. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து திரும்பக் கட்டிலுக்கு. காலை ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவை, மதிய இடைவேளையில் ஓடி வந்து ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, முள்ளுதான் தூக்குவாள். வேறு யார் தொட்டாலும் கிழவி கடித்துவிடுவாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுத் தையல்காரர் மனைவியின் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது.

பாசமா? பாசம் ஒரு பொட்டு கிடையாது. கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே இருவருக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவு.

"பெட்டியத் தூக்குற மாதிரியே தூக்குறியே, நான் மனுஷிடி."

"பெட்டின்னா வாய மூடிட்டு வரும் அத்தை. கழுத்தப் புடிங்க."

"மெதுவா. எலும்பு உடையுது."

"உடைஞ்சா ரெண்டு துண்டா தூக்கலாம், எனக்கு இன்னும் வசதி."

கணவன் நீண்ட தூர லாரி ஓட்டுபவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான். அந்த நாலு நாளும் தூங்குவான். அவன் தம்பி ஒருத்தன் உண்டு. முள்ளுக்குக் கொழுந்தன். மாற்றல் செய்தி காதில் விழுந்த மறுநாளே வந்துவிட்டான், கையில் ஒரு முதியோர் விடுதியின் வண்ணப் படத்தோடு. படத்தில் எல்லாக் கிழவிகளும் சிரித்தார்கள்.

"அண்ணி, நீங்க நிம்மதியா போங்க. அம்மாவ இங்க சேத்துடலாம். வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்."

கிழவி படத்தை வாங்கிப் பார்த்தாள். வலது கையால் கசக்கினாள். பிறகு மருமகளைப் பார்த்துச் சொன்னாள்: "நீ போ. போய்த் தொலை. உன்ன நம்பியா நான் பொறந்தேன்?"

அன்று சாயங்காலம் தூக்கும்போது கிழவி கழுத்தைப் பிடித்த பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் கிழவி கடிப்பாள்.

மேனேஜருக்கு ஓடுதளத்தில் 'இஸ்திரி' என்று பெயர். எந்த வெயிலிலும் சட்டை மடிப்புக் கலையாது. கலைய வேலை செய்தால்தானே? அவர் அறையில் பேச்சுவார்த்தை நடந்தது. ஒரு பக்கம் இஸ்திரி. இன்னொரு பக்கம் சங்கச் செயலாளர், முள்ளு. செயலாளர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதைத் தவிர அவரிடம் வேறு குறை இல்லை. வந்ததும் அறையின் ஏசியைப் பாராட்டினார்.

முள்ளு பாராட்டவில்லை. சுவரில் கம்பெனியே அச்சடித்து மாட்டிய கால அட்டவணையைக் காட்டினாள்.

"சார், இதுல அந்த ஊருக்கு எழுபது நிமிஷம்னு போட்டிருக்கு."

"அது பயணிகளுக்கும்மா. கொஞ்சம் கூட்டிப் போடுவோம். அப்பத்தான் எந்த நாளும் லேட்டாகாது."

"பயணிக்கு எழுபது. எனக்கு முப்பத்தெட்டு. நான் போற விமானத்துக்கு மட்டும் வால்ல தீ வைப்பீங்களா?"

செயலாளர் இருமினார். "தோழர், கொஞ்சம் பொறுமையா..."

"நீங்க பொறுமையா இருந்துதான் தோழரே இந்த வரியே வந்துச்சு."

அவர் மறுபடி இருமினார். ஆனால் இருமலுக்கு நடுவே ஒரு உருப்படியான வார்த்தை சொன்னார், அதை மறுக்க முடியாது. ஒரு விமானத்தை நிஜமாகவே அளந்து பார்த்துவிடலாமே என்றார்.

இஸ்திரி உடனே சம்மதித்தார். அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கிறவன் கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். முள்ளுக்கு அது புரிந்தது. என்ன இருக்கிறது என்பது புரியவில்லை.

"சக்கரம் தரைய விட்டதுல இருந்து, சக்கரம் தரையத் தொடுற வரைக்கும்" என்றார் இஸ்திரி.

"அத யாரு பாக்குறது? நீங்க சக்கரத்துக்குள்ள உக்காருவீங்களா? கட்டை எடுத்ததுல இருந்து கட்டை வைக்கிற வரைக்கும். பைலட்டுக்கு நேரம் எழுதறது அப்படித்தான். பைலட்டுக்கு ஒரு நியாயம், லோடருக்கு ஒரு நியாயமா?"

இஸ்திரி கூரையைப் பார்த்து மனதுக்குள் ஏதோ கூட்டினார், கழித்தார். சிரித்தார். "சரி, உன் இஷ்டம். கட்டைக்குக் கட்டை." எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நாள் மட்டும் அவர் குறித்தார். ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் விமானம்.

வெளியே வந்ததும் பழைய லோடர் ஒருத்தன் கேட்டான், "ஞாயித்துக்கிழமையா ஒத்துக்கிட்ட?" பிறகு தலையில் அடித்துக்கொண்டான். நேர்க் கோட்டின் நடுவே ராணுவத்தின் சுடுதளம் இருக்கிறது. வாரம் முழுக்க அங்கே பீரங்கி வெடிக்கும். விமானங்கள் அதை விட்டு விலகி மலையைச் சுற்றிப் போகும். ஞாயிற்றுக்கிழமை பீரங்கிக்கு லீவு. வானம் திறந்து கிடக்கும். விமானம் கத்தி மாதிரி நேராகப் போகும். மற்ற ஆறு நாளும் ஒரு மணியைத் தாண்டுகிற விமானம், அந்த ஒரு நாள் தாண்டாது.

"எலிப்பொறியில தேங்காய நீயே எடுத்து வச்சிருக்க" என்றான் அவன்.

கையெழுத்துப் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிழவியை நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர்ச் செம்பைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.

"மத்தியானத்துக்குள்ள திரும்பிடுவேன் அத்தை. அதுக்குள்ள ஏதாவதுன்னா தையல்காரர் வீட்டக் கூப்புடுங்க. கடிக்காதீங்க."

"ஏரோப்பிளான்ல போற மகாராணி. கீழ விழுந்துடாத, உன்னப் பொறுக்க ஆள் இல்ல."

விமானத்தில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. பக்கத்தில் இஸ்திரி, மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தை மேலே வைத்துக்கொண்டு. நாற்பது பயணிகள். இவள் குனிந்து ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே அவள் கூட்டாளிகள் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ஒரு பெட்டியைத் தலைகீழாக எறிந்தான்.

"டேய்! கைப்பிடி மேல வரணும்டா!" என்று கண்ணாடியைத் தட்டினாள்.

"கேக்காதும்மா" என்றார் இஸ்திரி.

"தெரியும் சார். நீங்க பேசறதும் எங்களுக்குக் கேக்காது, ஆனா பேசறீங்கல்ல."

கட்டை எடுத்தார்கள். இஸ்திரி கடிகாரத்தை அழுத்தினார். விமானம் ஊர்ந்தது, திரும்பியது, உறுமியது, எழுந்தது. முள்ளு இருக்கையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது பயத்தை முகத்தில் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். ஜன்னலுக்கு வெளியே மலை வந்தது. இத்தனை வருடம் அந்த மலையை அவள் திட்டியிருக்கிறாள். கணவன் லாரி நேரத்துக்கு வராமல் போனதற்கெல்லாம் அதுதான் காரணம். மேலே இருந்து பார்த்தால் துணி மூட்டையைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை பாடு? பணிப்பெண் தண்ணீர் கொடுத்தாள். இஸ்திரி ஜன்னலை எட்டிப் பார்த்துச் சொன்னார், "பாரு, நேர் ரோடு."

கிழவி இப்போது நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பாள் என்று முள்ளு நினைத்தாள். சரிந்தால் இடது தோள் வலிக்கும். வலித்தால் திட்ட ஆள் இருக்காது.

விமானம் இறங்கியது. ஊர்ந்து போய்த் தன் இடத்தில் நின்றது. இறக்கைகளில் விசிறி சுற்றுவது அடங்கியது. இஸ்திரி கடிகாரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஐம்பத்தாறு. சிரித்தார். மேல்வரிசை, கீழ்வரிசை, எல்லாப் பற்களும் தெரிந்தன.

"கட்டை வைக்கட்டும். அப்புறம் நிறுத்தறேன். நியாயம்னா நியாயம். அடுத்த மாசம் இங்க வந்து பாரு, ஊரு நல்லாத்தான் இருக்கு."

கட்டை வரவில்லை.

ஒரு நிமிடம் போனது. கட்டை வைக்காமல் கதவைத் திறக்கக் கூடாது, அது உலகம் முழுக்க ஒரே விதி. பயணிகள் எழுந்து நின்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்தார்கள். உள்ளே காற்று நின்றுவிட்டது. வெக்கை ஏற ஆரம்பித்தது. முள்ளு ஜன்னலில் பார்த்தாள். மூன்று லோடர்கள் டிராலி பக்கத்தில் நின்றார்கள். நடுவில் ஒருத்தன், மொட்டைத் தலை, அகன்ற தோள். கட்டை அவன் கையில்தான் இருந்தது. அவன் விமானத்தைப் பார்த்தான். நிதானமாகக் கட்டையைத் தரையில் வைத்தான். அதன் மேல் உட்கார்ந்தான். ஒருத்தன் அவனுக்கு டீ நீட்டினான்.

முள்ளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு விமானத்தையும் இப்படிக் காக்க வைத்ததில்லை. கை தானாக எழுந்து கண்ணாடியை அறைந்தது. "கட்டைய வைடா தடிமாடு! உள்ள கைப்புள்ளைங்க இருக்குடா! கட்டைய வை!"

இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் பக்கத்தில் திரும்பினாள். இஸ்திரியின் கடிகாரம் ஐம்பத்தொன்பதில் இருந்தது. பற்களைக் காணவில்லை.

முள்ளு கையை மடியில் வைத்துக்கொண்டாள். பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் தண்ணி கெடைக்குமாம்மா? அவசரமில்ல."

இஸ்திரி எழுந்தார், கதவுக்கு ஓடினார், திரும்பி வந்தார், போன் செய்தார். அந்த நிலையத்து அதிகாரிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அவரும் பீரங்கியும் ஒரே நாளில் ஓய்வெடுப்பவர்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. இஸ்திரியின் சட்டையில் முதுகுப் பக்கம் ஒரு ஈரக் கறை விரிந்து, மடிப்பு கலைந்தது. "உன் வேலையா இது? சொல்லி வச்சியா?" என்று கத்தினார்.

"யாரு இவங்க? எனக்கு இங்க ஒரு நாயையும் தெரியாது சார்."

அது சத்தியம். அவளுக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்குத்தான் அவளைப் பற்றித் தெரிந்திருந்தது.

கடைசியில் மொட்டை டீயைக் குடித்து முடித்தான், எழுந்தான், பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான், கட்டையைச் செருகினான். கதவு திறந்தது. இஸ்திரி கடிகாரத்தை நிறுத்தினார். நிறுத்தாமல் என்ன செய்வார்? செயலாளர் வைத்திருந்த நகலில் அவர் கையெழுத்து இருந்தது, கட்டைக்குக் கட்டை என்று அவர் எழுத்திலேயே.

முள்ளு படியிறங்கி நேராக மொட்டையிடம் போனாள்.

"கட்டை மேல உக்காந்து டீ குடிக்கிறியே, வெக்கமா இல்ல? உள்ள நாப்பது பேரு அவிஞ்சாங்க."

"நீதான் அந்தப் புது ஆளா?" அவன் மேலும் கீழும் பார்த்தான். "எங்க பொழப்புல மண்ணப் போட வர்றவ? நீ வந்தா என் மச்சான வெளிய அனுப்புவாங்களாம். இந்த விமானத்துல வர்றேன்னு சேதி வந்துச்சு. அதான் முதல் நாளே வரவேற்பு. அந்த நாப்பதுல நீயும் அவிஞ்சியா இல்லையா?"

"அவிஞ்சேன்."

"சந்தோஷம்."

"முட்டாப் பயலே, ஒரு மணி நேரத்துக்குள்ள நீ கட்டை வச்சிருந்தா நான் அடுத்த மாசம் இங்கதான். நீ வைக்கல. அதனால நான் வரமாட்டேன்."

மொட்டை கொஞ்ச நேரம் யோசித்தான். நெற்றியில் அது நடப்பது வெளியே தெரிந்தது. "அப்ப நான் உனக்கு உதவியா பண்ணிட்டேன்?"

"ஆமா."

"அடச்சே" என்று காறித் துப்பினான். பிறகு இன்னொன்று உறைத்தது. "அப்ப நீ வரவே மாட்ட? எப்பவும்?"

"செத்தாலும் வரமாட்டேன்."

"தொலஞ்சுது சனியன்" என்று முகம் மலர்ந்தான்.

"உன் மச்சான்கிட்ட கைப்பிடி மேல வர்ற மாதிரி அடுக்கச் சொல்லு. இங்கேருந்து வர்ற பெட்டியெல்லாம் தலைகீழா வருது."

"போடி."

"நீ போடா."

ஒற்றுமை ஓங்குக என்று சுவரில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறார்கள். ஓங்கினால் இப்படித்தான் ஓங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு.

இஸ்திரி அவளுடைய திரும்பும் சீட்டை ரத்து செய்தார். அந்த அதிகாரம் அவருக்கு இருந்தது. முள்ளு பஸ் ஏறினாள். மலை அடிவாரத்தில் டயர் வெடித்து நின்றபோது செயலாளரின் போன் வந்தது.

"மேனேஜர் கூப்பிட்டாரு தோழர். உங்களத் திட்டினாரு. என்னையும் திட்டினாரு. அந்த ஊரு ஆளுங்க எல்லாத்தையும் திட்டினாரு. கடைசியில உத்தரவு வாபஸ்னு சொல்லிட்டாரு."

"எழுதி வாங்கிட்டீங்களா?"

இருமல் கேட்டது.

"நாளைக்குக் காலைல எழுதி வாங்குங்க. இல்லன்னா உங்களயும் நாற்காலியோட தூக்கி ஓடுதளத்துல வைப்பேன்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தகரக் கதவுக்கு வெளியே தையல்காரர் மனைவி கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். துணியைக் காட்டினாள், போய்விட்டாள். உள்ளே கிழவி அதே நாற்காலியில், இடது பக்கமாகச் சரிந்து, நனைந்து, கண்ணை வாசலில் நட்டு உட்கார்ந்திருந்தாள். செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"மத்தியானம்னு சொன்னவ."

"பஸ்ஸுல வந்தேன் அத்தை."

"ஏரோப்பிளான்ல போனவ பஸ்ஸுல வர்றா. உன் மூஞ்சிக்கு அதுதான்." கிழவி உதட்டை நக்கிக்கொண்டாள். "எப்பப் போற?"

"போகல."

கிழவி வலது கையை மட்டும் தூக்கினாள். முள்ளு குனிந்தாள், முதுகுக்குப் பின்னால் ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை. கிழவி கழுத்தைச் சுற்றிப் பிடித்தாள், மூச்சு முட்டுகிற மாதிரி.

"கழுத்த நெரிக்காதீங்க. நான் செத்தா உங்கள விடுதியில கொட்டிடுவாங்க."

"மெதுவாத் தூக்குடி, எருமை." பாதி வழியில், காதுக்குப் பக்கத்தில், கிழவி கேட்டாள். "எவ்வளவு வந்துச்சு?"

"அறுபத்தாறு நிமிஷம்."